டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது? கேரவன்காரர்களின் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், டிஷ் கேள்விகள் குவிந்துவிடும். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், புலம்பல் ஒன்றுதான். டிஎஸ்டிவி ஆனாலும் ஓப்பன்வியூ ஆனாலும், எந்தச் செயற்கைக்கோள் டிவி சேவையானாலும் சரி, தென்னாப்பிரிக்காவில் நீங்கள் தேடுவது வானத்தில் ஒரே இடம்: கிழக்கே 68.5 டிகிரி. இன்டெல்சாட் 20, இன்டெல்சாட் 36 என்ற செயற்கைக்கோள்கள் இரண்டும் அங்கேதான் நிற்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அண்ணே, டர்பனுக்கு 57 டிகிரி என்று எங்கோ படித்துவிட்டு டர்பனுக்குத் தெற்கே ஸ்காட்பர்க்கில் காம்பஸ் வைத்துச் சரியாக 57-க்குத் திருப்பினேன். ஒரு சேனலும் வரவில்லை. எல்என்பி போய்விட்டதா? (சாட்ஸ்வர்த்)

எல்என்பியை, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கையில் இருக்கும் சிக்னல் வாங்கியை, குறை சொல்லாதீர்கள் தம்பி, அது நன்றாகத்தான் இருக்கும். 57 டிகிரி என்பது உண்மையான வடக்கிலிருந்து அளந்த கணக்கு. காம்பஸ் முள் காட்டுவது காந்த வடக்கு, அது நம் கடற்கரைப் பக்கம் உண்மையான வடக்கைவிட்டு மேற்கே சுமார் 25 டிகிரி தள்ளி நிற்கிறது. எனவே காம்பஸில் நீங்கள் பார்க்க வேண்டிய எண் 82, அதாவது கிட்டத்தட்ட நேர் கிழக்கு. ஜோஹன்னஸ்பர்க்கில் உண்மையான திசை 63, விலகல் 20-க்குப் பக்கம், கூட்டினால் அங்கேயும் 82, 83 என்றுதான் வரும். போனில் உள்ள காம்பஸில் உண்மையான வடக்கைக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு 57 என்றே பார்க்கலாம், ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, காம்பஸைக் கேரவன் பக்கத்திலோ பக்கியின் (பிக்கப் வண்டியின்) பானட் மேலோ வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு முள்ளை இழுத்துவிடும். நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள்.

மேலே கீழே, இடம் வலம் எல்லாம் ஆட்டிப் பார்த்தாயிற்று. ஒரு மணி நேரம் போச்சு, பிராய் (இறைச்சி சுடும்) அடுப்புக் கரியே அணைந்துவிட்டது. (லெனேசியா)

எல்லாவற்றையும் ஆட்டியதுதான் கோளாறு. உயரத்தையும் திசையையும் சேர்த்து ஆட்டினால் நாள் முழுக்கத் தேடலாம். என் பழக்கம் இது: முதலில் கம்பத்தை நிமிர்த்துங்கள். ரசமட்டம் வைத்துக் கம்பத்தை முன்பக்கமும் பக்கவாட்டிலும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. கம்பம் நேராக இருந்தால் பிராக்கெட்டில் உள்ள டிகிரிக் கோட்டை நம்பலாம், சாய்ந்திருந்தால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. டர்பனில் உயரக் கோணம் 36.5, ஜோஹன்னஸ்பர்க்கில் 36. வித்தியாசம் அரை டிகிரிதான், அதனால் இந்த இரண்டு ஊருக்கு நடுவில் எங்கே போனாலும் உயரத்தை இறுக்கும் போல்ட்டைத் தொட வேண்டிய அவசியமே வராது. க்ரூகர் பக்கம் ஸ்குகூசாவுக்குப் போனால் 40 வையுங்கள், கெபேகாவுக்கு (பழைய போர்ட் எலிசபெத்) 30, கேப் டவுனுக்கு 24. டிஷ் பார்வைக்கு ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும், ‘இது வானத்தையே பார்க்கவில்லையே’ என்று மச்சான் சொல்வார், கேட்காதீர்கள். எல்என்பி கீழே தள்ளி இருக்கும் டிஷ் அப்படித்தான் நிற்கும்.

உயரத்தை இறுக்கிவிட்டு இடம் வலமாக மட்டும் திருப்புங்கள், மிக மெதுவாக. 80 செ.மீ. டிஷ் பார்க்கும் வீச்சே இரண்டு டிகிரிதான். ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒன்றரை டிகிரி போய்விடுகிறது! அதனால் அரைச் சென்டிமீட்டர் நகர்த்து, கையை எடு, டிகோடர் (டிவியோடு இணைக்கும் பெட்டி) யோசிக்கச் சில விநாடி கொடு, பிறகு அடுத்த அரை. கையில் பீப் போடும் மலிவான மீட்டர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அது எந்தச் செயற்கைக்கோளுக்கும் பீப் போடும். பக்கத்திலேயே 66 டிகிரியில் இன்டெல்சாட் 17, 70.5-இல் யூட்டெல்சாட் 70பி இருக்கின்றன. டிகோடரின் சிக்னல் திரையில் பலம் நிறையக் காட்டி, தரம் சுழியமாக நின்றால் நீங்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தரத்தை மட்டும் பாருங்கள். அது ஏறி நின்றதும் எல்என்பியைப் பிடியில் தளர்த்தி இப்படியும் அப்படியும் கொஞ்சம் முறுக்கிப் பாருங்கள், நம் ஊரில் அது நேர்நிலையில் இருக்காது. தரம் உச்சத்துக்கு வரும் இடத்தில் இறுக்குங்கள்.

பாதி சேனல் தெளிவாக வருகிறது, பாதி வரவே இல்லை. வீட்டில் இதே டிகோடர் எல்லாம் காட்டுகிறது. (ஃபீனிக்ஸ்)

கேபிளைப் பாருங்கள். டிகோடர்தான் எல்என்பிக்கு மின்சாரம் கொடுக்கிறது: செங்குத்து அலைவரிசைகளுக்கு 13 வோல்ட், கிடைமட்ட அலைவரிசைகளுக்கு 18 வோல்ட். கேபிள் மெலிசாக, நீளமாக இருந்தாலோ, நடுவில் இரண்டு மூன்று ஜாயிண்ட் போட்டிருந்தாலோ 18 வோல்ட் போய்ச் சேருவதற்குள் தேய்ந்துவிடும், எல்என்பி அதை 13 என்று எடுத்துக்கொள்ளும், அந்தப் பாதி காணாமல் போகும். ஜாயிண்ட் இல்லாத ஒரே ஆர்ஜி6 கேபிள் வாங்குங்கள், தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது டிகோடரை பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள், உள்கம்பி வலையில் பட்டு ஷார்ட் ஆனால் டிகோடரே போய்விடலாம்.

ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழா முடிந்து குடும்பத்தோடு தென்கரைக்குப் போகிறோம். கேரவன் பார்க்கில் மரம் அதிகம். டிஷ் வைக்க இடம் எப்படிப் பார்ப்பது? (டோங்காட், ஒரு ஆன்ட்டி)

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் ஆன்ட்டி. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் பத்தாம் தேதியை ஒட்டியும், காலை ஒன்பது மணி தாண்டி ஐந்து பத்து நிமிடத்துக்குள், நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய அந்தச் செயற்கைக்கோள் இருக்கும் இடத்திலேயே நிற்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் நிற்கும் இடத்தில் நல்ல வெயில் விழுந்தால் டிஷ்ஷை அங்கே வைக்கலாம், நிழல் விழுந்தால் நகருங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். அந்த நாட்களில் அதே சில நிமிடங்களுக்குப் படம் போய்த் திரும்புவதும் உண்டு, சூரியனின் இரைச்சல் டிஷ்ஷுக்குள் விழுவதால் வருவது அது, ஒன்றும் செய்ய வேண்டாம்.

மற்ற மாதங்களில் கணக்குதான்: 10 மீட்டர் மரம் வடகிழக்கில் நின்றால் அதிலிருந்து 14 மீட்டராவது தள்ளி வையுங்கள். இலை வழியாக வெளிச்சம் வருகிறதே என்று ஏமாறாதீர்கள், ஈர இலை சிக்னலைக் குடித்துவிடும்.

டிராகன்ஸ்பெர்க்கில் தினமும் மாலை படம் போகிறது.

கோடை இடிமழை. கனமான மழை இந்த அலையை விழுங்கும், அதற்கு மருந்து இல்லை. தெளிவான வானத்தில் தரத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்தால் போகும் நேரம் குறையும். 80-க்குப் பதில் 90 செ.மீ. டிஷ் கால்பங்கு அதிகம் பிடிக்கும், ஆனால் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எனக்கு 80 போதும்.

மணலில் மூன்று கால் ஸ்டாண்ட் நிற்கவில்லை, காற்று வேறு.

ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டு. நடுவில் கொக்கி போட்டு 10 லிட்டர் தண்ணீர்க் கேன் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கட்டும். காற்று வரும் பக்கத்துக் காலைக் கயிறு கட்டி முளை அடியுங்கள். இதெல்லாம் சிக்னல் தேடுவதற்கு முன்னால் செய்கிற வேலை. சிக்னல் கிடைத்த பிறகு கேனை மாட்டினால் கம்பம் சாயும், மறுபடி முதலிலிருந்து.

டிஎஸ்டிவியின் எக்ஸ்ட்ராவியூவில் (ஒரே சந்தாவில் டிகோடர்களை இணைக்கும் வசதி) இரண்டு டிகோடர் இருக்கிறது. எதை எடுத்துப் போவது?

முதன்மை டிகோடரை. இரண்டாவது அதை நம்பி ஓடுகிறது, தனியாகக் கூட்டிப்போனால் உங்களுக்குப் பிழைச் செய்திதான் காட்டும்.

கழற்றி அடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஏதாவது உடைகிறது அங்கிள். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அவசரம்தான் உடைக்கிறது. கழற்றுவதற்கு முன் உயரக் கோணத்திலும் எல்என்பி முறுக்கிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த முறை பாதி வேலை மிச்சம். உயரப் போல்ட்டைத் தளர்த்தவே வேண்டாம், பிராக்கெட்டோடு அப்படியே கம்பத்திலிருந்து உருவுங்கள். டிஷ்ஷைப் பழைய போர்வையில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைத்தால் அதன்மேல் யாராவது கூலர் பாக்ஸ் வைப்பார்கள், ஒரு சின்ன நெளிவு போதும் தரம் இறங்க. கேபிளை முழங்கையில் சுற்றி முறுக்காதீர்கள், பெரிய வளையமாகச் சுருட்டி இரண்டு இடத்தில் கட்டுங்கள், மடிந்த இடத்தில் உள்ளே நசுங்கிவிடும். கடற்கரையிலிருந்து வந்தால் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் துடைத்து, போல்ட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய், கனெக்டர் முனைக்கு மூடி. உப்போடு பைக்குள் போன கனெக்டர் டிசம்பரில் பச்சை பிடித்துத்தான் வெளியே வரும்.