வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுமுன்னே மண்ணைத் தொட்டுப் பாருங்க: சிவில் மாணவர் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில இருந்துகிட்டு முப்பது வருசமா சைட்ல நிக்கேன். சிவில் படிக்க பிள்ளைங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுதேன்.

கேள்வி, கோவில்பட்டி தங்கச்சி: அண்ணாச்சி, எங்க வீடு கட்டி ஆறு வருசந்தான் ஆச்சு, ஜன்னல் மூலையில இருந்து சாய்வா விரிசல் ஓடுது. கொத்தனார் சிமென்ட் சரியில்லங்காரு. மண்ணு காரணமா இருக்குமா?

பதில்: சாய்வா ஓடுதுன்னா முதல்ல அஸ்திவாரத்தைத்தான் சந்தேகப்படணும்மா, உங்க ஊரு கரிசலாச்சே. சித்திரையில கரிசக்காடு கை உள்ள போற அளவுக்கு வாயப் பொளந்து கெடக்கும், ஐப்பசியில ரெண்டு மழை பெஞ்சா அத்தனையும் மூடிக்கிடும். அந்த மண்ணுல மான்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண் கனிமம் தகடு தகடா இருக்கும், தண்ணி அந்தத் தகடுகளுக்கு நடுவுல பூந்து விலக்கி விட்டுரும், காஞ்சா திரும்ப ஒட்டிக்கிடும். வீடு மொத்தமும் ஒரே மட்டுக்கு ஏறி எறங்கினா சேதமில்ல, ஆனா வெளிச்சுவர் அடியில நனையும், நடுவீட்டு அடியில நனையாது, அந்த வித்தியாசந்தான் சுவரைக் கிழிக்குது.

காலேஜ் லேப்லயே சோதிக்கலாம். மண்ணை நல்லா உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில சலிச்சு, பத்து பத்து கிராமா ரெண்டு அளவு ஜாடியில போடுங்க, ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய், 100 மில்லி வரைக்கும். கிண்டிவிட்டு காத்துக்குமிழி போக்கி ஒரு நாள் வையுங்க. மண்ணெண்ணெயில களிமண் உப்பாது, தண்ணியில உப்பும், வித்தியாசத்தைக் கண்ணாலயே பாக்கலாம். சர்வீஸ் ஆரம்பத்துல இதைச் செய்யாம கரிசல்ல மூணடி வானம் போதும்னு ஒரு காம்பவுண்ட் சுவருக்கு நானே சம்மதிச்சேன், ரெண்டாம் மழைக்கே பொளந்துட்டு, அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

கேள்வி, தாழையூத்து தம்பி: சுண்ணாம்புக்கல் படிவுப்பாறைன்னு படிச்சோம். எங்க ஊர்க் கல்லை உடைச்சா கல்கண்டு மாதிரி மினுங்குதே?

பதில்: நல்லா பாத்திருக்கீங்க. அது பூமிக்கடியில வெப்பத்துலயும் அழுத்தத்துலயும் கால்சைட்ங்கிற சுண்ணாம்புக் கனிமம் திரும்பப் படிகமாகி உருமாறின சுண்ணாம்புக்கல். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டா நுரைக்கும், பக்கத்துல கெடக்க நைஸ் (gneiss)ங்கிற வரிவரியான பாறைக் கல்லுல விட்டா சும்மா இருக்கும். 1949ல உங்க ஊருக்கு சிமென்ட் ஆலை வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான்.

கேள்வி, அம்பாசமுத்திரம் தம்பி: பொதிகை மலைக் கல்லு கிரானைட்டுதானே?

பதில்: கடைக்காரங்க எல்லாத்தையும் கிரானைட்டும்பாங்க. அங்க அதிகம் இருக்கது சார்னோக்கைட்ங்கிற கருமை கலந்த பாறை. கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் கல்லறைக்குப் போட்ட கல்லை வச்சு ஹாலண்ட்ங்கிற புவியியலாளர் வச்ச பேரு.

கேள்வி, சாத்தான்குளம் தம்பி: தேரி மணல்ல (செம்மணல் மேட்டுல) எஸ்பிடி, அதான் துளை போட்டு குழாயை அடிச்சு எறக்குற சோதனை, எதுக்கு எடுக்காங்க?

பதில்: மணல் இறுக்கமா தளர்வான்னு தெரிய. 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விழும், குழாய் 45 சென்டிமீட்டர் எறங்கணும், முதல் 15ஐ விட்டுட்டு அடுத்த 30க்கு எத்தனை அடின்னு எண்ணுவாங்க, அதான் 'N' மதிப்பு. போர் போடுற நாளு பக்கத்துல நின்னு நீங்களே எண்ணுங்க.

கேள்வி, அதே கோவில்பட்டி தங்கச்சி: அண்ணாச்சி, சோதிச்சுட்டேன். மண்ணெண்ணெயில 10 மில்லி, தண்ணியில 16.

பதில்: ரொம்ப சந்தோசம்மா! 16ல 10 போக 6, அதை மண்ணெண்ணெய் அளவு பத்தால வகுத்தா 60 சதவீதம் உப்புது, அப்போ கொத்தனார் மேல மட்டும் பழி போடாதீங்க. விரிசலை இப்போ பூசி மறைக்க வேண்டாம். மொட்டமாடித் தண்ணி சுவரோரமா விழுதான்னு பாத்து குழாயைத் தள்ளி விடுங்க, வீட்டைச் சுத்தி மூணடிக்கு சரிவா தளம் போடுங்க. மண்ணை மேலாப்புலதான அள்ளினீங்க? சுவரை விட்டுத் தள்ளி ஒரு குழி போட்டு எத்தனாவது அடியில கரிசல் முடிஞ்சு சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கல்லு) தட்டுதுன்னு பாருங்க, அந்த மண்ணையும் ஒரு ஜாடியில போட்டுட்டு சொல்லுங்க, அஸ்திவாரத்தை என்ன செய்யலாம்னு அதுக்கப்புறம் பேசுவோம்.