கேமராவுக்கு முன் கதவைப் பாருங்கள்

கேள்வி: விடுமுறையில் எங்கள் பள்ளியின் கணினி அறையை உடைத்து மடிக்கணினிகளையும் புரொஜெக்டரையும் திருடிச் சென்றுவிட்டார்கள். கண்காணிப்பு கேமரா பொருத்தலாம் என்கிறது நிர்வாகம். அது போதுமா? – ஒரு தலைமையாசிரியர்

பதில்: போதாது. முகத்தை மூடிக்கொண்டு வருகிறவனுக்குக் கேமரா ஒரு பொருட்டே இல்லை. கையிலிருக்கும் பணத்தை முதலில் கதவுக்குச் செலவிடுங்கள்.

உடைந்தது பூட்டுதானா என்று அருகில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் பூட்டு சேதமில்லாமல் தொங்கும். பெயர்ந்து கிடப்பது பூட்டை மாட்டும் நாதாங்கியாக இருக்கும். சிறு திருகாணிகளால் மரத்தில் முடுக்கிய நாதாங்கி, கடப்பாரை நுனி நுழைந்தாலே கையோடு வந்துவிடும். அதில் எவ்வளவு விலை உயர்ந்த பூட்டைத் தொங்கவிட்டு என்ன பயன்? கதவைத் துளைத்து மறுபுறம் வரும் போல்ட்டுகளைப் போட்டு, உட்பக்கம் வாஷர் வைத்து நட்டால் இறுக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியும் தலை, ஸ்குரூடிரைவருக்குப் பிடி கொடுக்காத உருண்டைத் தலையாக இருக்க வேண்டும். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவென்றால் கீல்களையும் கவனியுங்கள். ஊசியை உருவிவிட்டால், பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றிவிடலாம். ஜன்னல் கம்பிகளுக்கும் இதே சோதனைதான்: வெளியிலிருந்து கழற்ற முடிகிறதா?

அறைக்குள் நுழைந்துவிட்டாலும் பொருள் உடனே கைக்குக் கிடைக்கக் கூடாது. மடிக்கணினிகளை இரும்பு பீரோவில் வைத்து, பீரோவைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணையுங்கள். சக்கரம் வைத்த சார்ஜிங் அலமாரி ஆசிரியர்களுக்கு வசதிதான். திருடனுக்கும் வசதி, அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம். புதுக் கருவிகள் வந்த அட்டைப்பெட்டிகளைப் பள்ளி வாசலில் போடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று ஊருக்கே சொன்னதாகிவிடும்.

இருப்புப் பதிவேட்டில் ‘மடிக்கணினி – 10’ என்று எழுதி வைப்பதால் காவல்துறைக்கு எந்த உதவியும் இல்லை. ஒவ்வொரு கருவியிலும் தயாரிப்பாளர் குறித்திருக்கும் வரிசை எண்ணும் (சீரியல் நம்பர்) வேண்டும். சிம் போடும் டேப்லெட்டுகளுக்கு, கைபேசி வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்ணும் வேண்டும். அந்தப் பட்டியலின் நகல் பள்ளிக்கு வெளியே இருக்கட்டும். அது திருடுபோன கணினியிலேயே இருந்த கதையெல்லாம் உண்டு. மேல்மூடியில் பள்ளியின் பெயரை அழிக்க முடியாதபடி பெரிதாகப் பொறித்துவிட்டால் விற்பது கடினமாகும்.

இத்தனையும் செய்த பிறகு கேமரா போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பதிவுக் கருவியை அலுவலக மேசை மேல் வைத்தால் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். தனியே பூட்டிய இடத்தில் வையுங்கள். அலாரம் பொருத்தினால், பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு பேரின் கைபேசிக்காவது எச்சரிக்கை போகும்படி அமையுங்கள். ஆளில்லாத வளாகத்தில் அது கத்தி யார் கேட்கப்போகிறார்கள்?

ஒருமுறை திருட்டுப் போன இடத்துக்குக் குறுகிய காலத்திலேயே மறுபடி வருவது வழக்கம். வழி தெரியும், இழந்ததற்கு மாற்றாகப் புதியது வாங்கியிருப்பார்கள் என்பதும் தெரியும். ஆகவே கதவு சரியாகும்வரை புதுக் கருவிகளை வாங்காதீர்கள். காப்பீடு இருந்தால், பழுது பார்ப்பதற்கு முன்பே உடைந்த இடங்களைப் படமெடுத்து வையுங்கள். பலவந்தமாக நுழைந்ததற்கான தடயம் இல்லையென்றால் இழப்பீடு தராத பாலிசிகள் பல உண்டு.