சிரிக்கச் சொல்லாதீர்கள்!

*கும்பகோணத்தில் அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டுடியோவை இப்போது நடத்திவரும் பெண் புகைப்படக்காரர், குழந்தைகளோடு குடும்பப் படம் எடுப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.*

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் வைத்திருக்கிறோம். அங்கேயே மொத்தக் குடும்பமும் நின்று ஒரு படம் எடுத்து, பெரிதாக ஃப்ரேம் போட ஆசை. மூன்று வயது மகள் கேமராவைப் பார்த்தாலே அழுகிறாள். எட்டு மாதத்தில் பையனும் இருக்கிறான். எப்படித் தயார் செய்வது?
– வாசகி, நாமக்கல்

முதலில், அந்தப் படத்தை விசேஷத்தன்று எடுக்காதீர்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இருட்டோடு எழுப்பி, குளிப்பாட்டி, பட்டுப் பாவாடை கட்டிவிடுவீர்கள். ஹோமப் புகையில் பெரியவர்களுக்கே கண் சிவந்துவிடும். கலசாபிஷேகம் ஆனதும் தாத்தாவும் பாட்டியும் தலையோடு நனைந்து நிற்பார்கள். அவர்கள் உடை மாற்றி, தாலி கட்டி, ஊரே வரிசையில் நின்று நமஸ்காரம் பண்ணி முடிக்கும்போது உங்கள் மகளுக்குப் பசி, தூக்கம், கசகசப்பு மூன்றும் சேர்ந்திருக்கும். சரியாக அப்போதுதான் யாராவது ஒரு சித்தப்பா "குரூப் போட்டோ, எல்லாரும் வாங்க" என்று குரல் கொடுப்பார். அழாமல் என்ன செய்வாள்?

எப்படியும் முந்தின நாளே வந்து தங்குவீர்கள். அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு மேல், தங்குமிடத்தின் வாசலிலோ மரநிழலிலோ எடுத்துவிடுங்கள். பையன் மத்தியானம் தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் உங்கள் முகூர்த்தம். அதற்குத் தகுந்தபடி பெரியவர்கள் தயாராக இருக்க வேண்டும். மாமியார் தலை பின்னி முடிக்கும்வரை குழந்தை காத்திருக்கிற ஏற்பாடு எந்த வீட்டிலும் நல்லபடியாக முடிந்ததில்லை.

பெரியவர்களை முதலில் நிறுத்தி, வரிசை சரிபார்த்து, புகைப்படக்காரர் வெளிச்சமெல்லாம் பார்த்த பிறகு கடைசியாகக் குழந்தைகளைக் கொண்டுவாருங்கள். மொத்தக் குடும்பப் படம் முதலில். தனித்தனிப் படங்கள் பிறகு. குழந்தையின் பொறுமை முதல் பத்து நிமிடத்தில்தான் இருக்கும்.

மகளின் பயம் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "சாப்பிடலேன்னா போட்டோ மாமாகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று வீட்டில் யாராவது சொல்வதுண்டா? ஸ்டுடியோ வாசலிலேயே காலைக் கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். புகைப்படக்காரரைச் சற்று முன்னதாக வரச் சொல்லி, அவள் கையாலேயே பாட்டியை ஒரு படம் எடுக்கவிடுங்கள். திரையில் பாட்டி முகம் தெரிந்ததும் பயம் பாதி போய்விடும்.

அப்புறம், "சிரி, சிரி" என்று சொல்லாதீர்கள். சொன்னால் பல்லைக் காட்டுவாள், கழுத்து நரம்பு தெரியும், கண் சிரிக்காது. நான் கேட்பது "பாட்டிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் இருக்கு?" அவள் திரும்பிப் பார்த்து, விரலை மூக்குக்குள்ளேயே விட்டுக் காட்டுவாள். பாட்டி சிரிப்பார், தாத்தா பாட்டியைப் பார்ப்பார். நான் எடுப்பது அந்த நொடியை.

கடைசியாக, சொந்தக்காரர்களின் செல்போன். ஆளுக்கொரு பக்கம் நின்று "இங்க பாருடா செல்லம்" என்று கூப்பிட்டால் ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு திசையில் போகும். குழந்தையைக் கூப்பிட ஒருவர் போதும். அவரும் புகைப்படக்காரரின் தலைக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும். மற்றவர்களைக் காபி குடிக்க அனுப்பிவிடுங்கள்.

எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தினால்தான் அழகாக இருக்குமா?
– வாசகி, கோவை

யூனிஃபார்ம் மாதிரி இருக்கும். மாம்பழ மஞ்சள், அரக்கு, சந்தனம் என்று ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிற இரண்டு மூன்று நிறங்களை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பளீரென்ற கிளிப்பச்சை, ஃப்ளோரசன்ட் ரோஸ் வேண்டாம். அந்த நிறம் தாடைக்கு அடியில் எதிரொளித்து முகத்தையே பச்சையாக்கும். பொடிக் கட்டம், மெல்லிய கோடு போட்ட சட்டையும் வேண்டாம்; டிஜிட்டல் படத்தில் துணிமேல் அலை அலையாக ஏதோ ஓடுவதுபோலத் தெரியும்.

நிறத்தைவிட முக்கியமானது குத்தல். புதுப் பட்டுப் பாவாடைச் சட்டையில் ஜரிகை அக்குளில் உரசும். உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முந்தின வாரமே ஒருநாள் மாட்டிவிட்டு அரைமணி நேரம் விளையாட விடுங்கள். எங்கே சொறிகிறாள் என்று பார்த்தால் எந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். பையனுக்கு வெல்க்ரோ வேட்டியே போதும். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

பழனியில் மகனுக்கு மொட்டை போட்டு வந்தோம். முடி வளரும்வரை படத்தைத் தள்ளிப்போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

ஏன் தள்ளிப்போட வேண்டும்? காய்ந்து வெடித்த சந்தனத்தை மட்டும் கழுவிவிட்டு அழைத்துப் போங்கள். ஃபிளாஷ் நேராக அடித்தால் மொட்டை பளபளக்கும். ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

நான், கணவர், மகள் மூவரும் சேர்ந்து படம் எடுக்கப் போகிறோம். மூன்று பேராக நின்று எடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். இதில் உண்மை இருக்கிறதா?
– வாசகி, விழுப்புரம்

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஸ்டுடியோவில் வைத்து மாமியாரோடு வாதாடவும் மாட்டேன், அந்த வாதம் மூன்று முகத்திலும் தெரியும். அப்பா இதற்கென்றே ஒரு பொம்மை வைத்திருந்தார். மூவர் வந்தால் குழந்தையின் மடியில் அதை வைத்து "நாலாச்சும்மா" என்பார். அதைவிட நல்ல வழி, மாமியாரையே பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது. பிறகு அவரே எழுந்து "நீங்க மூணு பேரும் தனியா ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தாராசுரம் கோயிலில் வைத்துக் குழந்தைகளோடு எடுக்கலாமா?
– வாசகி, சென்னை

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோயில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம். 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. ட்ரைபாட், லைட் என்று சாமான்களோடு போவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வாசலில் நின்று காவலாளியிடம் கெஞ்சுவதைப் பார்த்தால் குழந்தையின் உற்சாகமும் வடிந்துவிடும்.

கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் கோபுரத்தின் மேல் வெயில் விழுந்து அருமையாக இருக்கும். ஆனால் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவர்களுக்கு நேர் எதிரே சூரியன், எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். சாயங்காலம் அதே முகப்பு நிழலில் இருக்கும், வெளிச்சம் மெத்தென்று விழும். குழந்தைகளுக்கு அதுதான் நல்லது. உச்சிவெயிலில் மட்டும் போகாதீர்கள். செருப்பில்லாமல் கல்தரையில் நிற்க வேண்டும், பிஞ்சுப் பாதம் தாங்காது. சூரியன் தலைக்கு மேல் இருந்தால் கண்ணுக்கடியில் கருநிழலும் விழும்.

ராஜகம்பீரன் மண்டபத்துக் கல் சக்கரத்தையும் குதிரையையும் காட்டினால் பிள்ளைகள் போஸை மறந்துவிடுவார்கள். அதன்மேல் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். கேமராவைப் பார்க்க மாட்டான், ஃபிளாஷ் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். எங்களுக்குக் குடும்பப் படம் என்று ஒன்றுகூட இல்லை.
– வாசகி, தூத்துக்குடி

கட்டாயம் எடுக்கலாம் அம்மா. முதல் தடவை கேமரா இல்லாமல் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போங்கள். இடத்தின் வாசனை, ஃபேன் சத்தம், உட்காரப்போகும் நாற்காலி எல்லாம் அவனுக்குப் பழகட்டும். முடிந்தால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் சத்தமே வராமல் எடுக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவாரா என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவனுக்குப் பிடித்த பொருள் கையிலேயே இருக்கட்டும், பழைய பனியன்தான் சுகம் என்றால் அதோடே எடுங்கள்.

கண் கேமராவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவன் ரயிலைத் தரையில் ஓட்டட்டும், நீங்கள் இருவரும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவனைப் பாருங்கள். "தம்பி இங்க பாரு" என்று தாடையைத் திருப்புகிறவராக இருந்தால் அந்த இடத்திலேயே வேறு புகைப்படக்காரரைத் தேடுங்கள்.

பிறந்து இருபது நாளான குழந்தை, இரண்டு கையிலும் முகவாயைத் தாங்கிக்கொண்டு தூங்குவதுபோல இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். அதேபோல எடுக்க முடியுமா?
– வாசகி, மதுரை

அப்படி ஒரு நொடிகூட எந்தப் பச்சைக்குழந்தையும் தானாக இருக்காது. கழுத்தே நிற்காத வயசு. ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கையைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணினியில் ஒட்டிப் பிடித்த கைகளை அழிப்பார்கள். "ஒரே ஷாட்ல எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் அம்மா மடியில் கால்நீட்டிக் குளிப்பாட்டுகிறாரே, அதை எடுங்கள்.

திருஷ்டிப் பொட்டைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவீர்களா?
– வாசகர், சேலம்

குரூப் படத்தில் கண் மூடியவருக்கு இன்னொரு படத்திலிருந்து திறந்த கண்ணை வைத்துக் கொடுப்பேன். மூக்குச்சளியைத் துடைப்பேன். பொட்டில் கை வைக்க மாட்டேன். பாட்டி கடைக்கே வந்து சண்டை பிடிப்பார்.

புகைப்படக்காரரை வைக்க வசதி இல்லை. செல்போனிலேயே எடுத்தால் ஃப்ரேம் போடும் அளவுக்கு வருமா?
– வாசகி, அறந்தாங்கி

தாராளமாக வரும். லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடையுங்கள், முக்கால்வாசிப் படங்கள் கைரேகையால்தான் மங்குகின்றன. போனைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். ஜூம் வேண்டாம், நீங்களே நடந்து கிட்டப் போங்கள். ஓடுகிற பிள்ளை என்றால் நல்ல வெளிச்சத்தில் வரிசையாக எடுக்கும் பர்ஸ்ட் முறையைப் பயன்படுத்துங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் சுருங்கிப்போய், பெரிதாகப் பிரின்ட் போடும்போது உடையும். 12க்கு 18 அங்குலம் வேண்டுமானால் நெருங்கி எடுக்காமல், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். ஃப்ரேமுக்குள் ஓரம் மறையும்போது யாருடைய தோளும் வெட்டுப்படாது.