கையெழுத்துப் போடுமுன் சர்வேயர் அறிக்கையைக் கேளுங்கள்

கேள்வி: கடலூரில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு வந்த வெள்ளத்தில், வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வாசலில் நின்ற கார் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் என் மைத்துனர் ஒரே ஒருமுறை சாவியைத் திருகிப் பார்த்தார், வண்டி கிளம்பவில்லை. அதைக் காரணம் காட்டி, எஞ்சின் செலவு 1,40,000 ரூபாயைத் தர முடியாது என்கிறது காப்பீட்டு நிறுவனம். மற்றதற்கு 38,000 ரூபாய் தருவார்களாம். அதை முழுத் தீர்வாக ஏற்பதாக இப்போதே கையெழுத்துக் கேட்கிறார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ எல்லாம் போய்விட்டன. வீட்டுக்கு நான் இன்சூரன்ஸ் எதுவும் எடுக்கவில்லை. வங்கியில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. சாத்தனூர் அணையைத் திறந்ததால் வந்த வெள்ளத்துக்கு அரசிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன வீட்டுக் கடனிலிருந்து தொடங்குகிறேன். கடன் கொடுக்கும்போதே அடமானக் கட்டடத்துக்கு வங்கி ஒரு பாலிசி எடுத்து, பிரீமியத்தை உங்கள் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். அன்று போட்ட நாற்பது கையெழுத்தில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். கடன் கணக்கு அறிக்கையை வாங்கி, முதல் தவணை வழங்கிய மாதத்தில் பிரீமியப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அது கடன் வாங்கியவரின் உயிருக்கான பாலிசியாகவும் இருக்கலாம். கட்டடத்துக்கானது என்றால் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிரஹ ரக்ஷா' பாலிசியாக இருந்தால் புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். கட்டடத்துக்கு மட்டும் போதும் என்று கேட்டு வாங்கியிருந்தாலொழிய, வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்குத் தானாகவே காப்பீடு உண்டு. உங்கள் பீரோவும் வாஷிங் மெஷினும் அதற்குள் வந்துவிடும்.

இத்தனை நாள் கழித்தா தெரிவிப்பது என்பார்கள். பாலிசி இருப்பதே இப்போதுதான் தெரிந்தது என்று உண்மையை எழுதுங்கள். நியாயமான விளக்கம் இருக்கும்போது, தாமதத்தை மட்டும் சொல்லி உண்மையான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஓம் பிரகாஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இனி கார். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு காசும் கிடையாது. உங்களுக்கு 38,000 தர முன்வந்ததால் சொந்தச் சேதப் பிரிவு இருப்பது தெரிகிறது. சிக்கல் அந்தச் சாவியில்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது வண்டியைக் கிளப்பினால், காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல், அதோடு இணைந்த கம்பியான கனெக்டிங் ராடு வளையும். அதை வெள்ளம் செய்த சேதமல்ல, நீங்கள் கிளப்பியதால் வந்த விளைவு என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. எஞ்சினுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் காப்பு உங்கள் பாலிசியில் இருந்தால் கதை வேறு. முதலில் அதைப் பாருங்கள்.

அது இல்லையென்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ராடு வளைந்ததா, இல்லையா? இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்த எஞ்சினில் ஆயிலோடு வண்டல் கலந்து, சிலிண்டர் துருப்பிடித்திருந்தால், அது சாவியால் வந்ததல்ல, வெள்ளத்தால் வந்தது. எஞ்சினைப் பிரித்தபோது எடுத்த படங்களை ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்குங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் அந்தப் படங்களில் தெரிய வேண்டும். சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அமர்த்திய சர்வேயரின் அறிக்கை நகலை நிறுவனத்திடம் கேளுங்கள். அதைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த அறிக்கை இறுதி வார்த்தையல்ல என்று 2009இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மைத்துனர் சாவியைத் திருகியதை மட்டும் எங்கும் மறைக்காதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் மீதி உண்மையும் செல்லாக்காசாகிவிடும்.

அறிக்கை கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். பணமுடை நெருக்கினால், '38,000 ரூபாயை ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், எஞ்சின் செலவைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தீர்வாக ஏற்பதாகச் சொல்லும் இத்தகைய வவுச்சரில் கையெழுத்திட்டதால் மட்டும் மேல்முறையிடும் உரிமை போய்விடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனாலும் போட்ட கையெழுத்தோடு மல்லுக்கட்டுவதைவிடப் போடாமல் இருப்பது சுலபம்.

அடுத்து, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை. வழக்கறிஞருக்கும் அங்கே இடமில்லை. என் போன்றோருக்கு வருத்தம்தான், உங்களுக்கு மிச்சம். அங்கே நியாயம் கிடைக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கெடு இரண்டு ஆண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கும் கட்டணம் கிடையாது.

அணை விஷயத்தில் உங்கள் கோபம் புரிகிறது. 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி திறக்கப்பட்டது. முறைப்படி ஐந்து முறை எச்சரித்ததாக அரசு சொல்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு அரசு கொடுத்த 2,000 ரூபாயை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். அது நிவாரணம், நஷ்டஈடு அல்ல. அதை வாங்கியதால் உங்கள் உரிமை எதுவும் குறையவில்லை. ஆனால் நஷ்டஈடு வேண்டுமென்றால், அணை திறந்தது என்பது போதாது, கவனக்குறைவாகத் திறந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு குடும்பம் தனியாக வழக்குப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள்: நவம்பர் 30 முதல் டிசம்பர் 3 வரை அணையின் மணிவாரி நீர்வரத்தும் வெளியேற்றமும், எச்சரிக்கை எத்தனை மணிக்கு, யாருக்கு, எந்த வழியில் போனது என்ற பதிவு, 2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படியான அவசரகாலச் செயல்திட்டத்தின் நகல். பதில் தர 30 நாள் கெடு. உங்கள் தெருவுக்கு எச்சரிக்கை வந்து சேரவே இல்லை என்பது அந்தத் தாள்களில் தெரிந்தால், தெருவே சேர்ந்து உயர் நீதிமன்றம் போகலாமா என்று அப்போது பேசுவோம். உரிமையியல் வழக்கு என்றால் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். சிலவகைக் கோரிக்கைக்குக் காலக்கெடு ஓராண்டுதான் என்பதால் விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கத் திட்டமிட்டிருப்பீர்கள். அதற்கு முன்பு, சுவரில் உள்ள சேற்றுக்கோட்டின் பக்கத்தில் அளவுநாடாவைத் தரையிலிருந்து பிடித்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.