வேதநாயகம் சாஸ்திரியாரைப் பாடலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் சிறுவயது முதல் சபையின் பாடகர் குழுவில் இருப்பவள். ஆங்கிலப் பாமாலைகள் பிறந்த கதைகளைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். அடிமைக் கப்பலின் தலைவர் மனந்திரும்பி ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டு எழுதிய கதை எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். நம் மொழியில் எழுதியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், மெட்டமைத்தவர்கள் பற்றி யாரும் சொன்னதில்லை. உங்கள் கட்டுரைக்குப் பிறகு நானே தேடிப் படிக்கத் தொடங்கினேன். நாங்கள் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், தேவாலயத்தில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை ஆதரித்து எழுதியவர் என்று அறிந்தேன். அன்றிலிருந்து அவர் கீர்த்தனையைப் பாட வாய் எழவில்லை. அவரை இனியும் பாடுவது சரியா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது உண்மை. அதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த உண்மை எந்தச் சண்டையின் நடுவில் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச்சென்று படிக்கவைத்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் மாணவர். சாஸ்திரியார் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி, தமிழின் சிற்றிலக்கிய வடிவம் ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் வேதாகமத்தை நடமாடவிட்டது. அதில் விசுவாசம் குறத்தியாக வந்து குறி சொல்கிறது. புதிய பூகோளமும் வானசாஸ்திரமும்கூட அந்தப் பாட்டுகளுக்குள் வருகின்றன. பழைய மிஷனரிகளின் காலத்தில் இதற்கெல்லாம் இடம் இருந்தது.

பிறகு வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் பலவற்றை மாற்ற முனைந்தார்கள். அவர்கள் செய்ததைக் கொடுமைகள் என்றே சாஸ்திரியார் அழைத்து எதிர்த்து எழுதினார். அவர் முறையிட்டவை இவை: பழகிய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், ஆலயத்தில் எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரச் சொல்கிறார்கள், விழாக்களில் பூவை விலக்குகிறார்கள், வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதைத் தடுக்கிறார்கள்.

இந்த வரிசையை நிதானமாகப் படியுங்கள். கீர்த்தனைக்காக அவர் வாதாடும் இடத்தில் எனக்கு அவரோடு சேர்ந்து நிற்கத் தோன்றுகிறது. பூவுக்காக வாதாடும் இடத்திலும் அப்படித்தான். அடுத்த பக்கத்தில் அதே மனிதர், அதே சூட்டோடு, வெள்ளாளர் ஒருபுறமும் தலித் கிறிஸ்தவர்கள் மறுபுறமும் உட்காருவதே முறை என்கிறார். அங்கே அவரோடு ஓர் அடிகூட நடக்க முடியாது. அவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. இரண்டும் ‘நம் வழக்கம்’, இரண்டையும் வெளியார் கெடுக்கிறார்கள் என்பதே அவர் வாதம். எதிரே நின்றவர்களுக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. சாதியை எதிர்த்ததில் அவர்கள் செய்தது நியாயம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபையில் சாதிப் பாகுபாடு உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று எழுதியது இந்த நாட்டுச் சபை வரலாற்றில் ஒரு பெரிய காரியம். ஆனால் சாதியையும் ராகத்தையும் ஒரே கட்டாகக் கட்டி வெளியே எறியப் பார்த்த மிஷனரிகளுக்கு, மக்கள் எந்த இசையில் அழுவார்கள் என்பது கேட்கவில்லை.

இந்தச் சண்டையில் 1829 வாக்கில் சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். அவரைத் தாங்கியவர் சரபோஜி. சைவ மரபில் நின்ற அந்த மன்னர், கிறிஸ்தவப் புலவர் ஒருவருக்கு அரண்மனையில் இடமும் ஊதியமும் கொடுத்தார். கால் நூற்றாண்டு கழித்து, மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப், முதியவராகிவிட்ட சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடிச் சேர்த்து 1853இல் கீர்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். இன்று உங்கள் கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் வேர் அதில் இருக்கிறது.

அடிமைக் கப்பலின் தலைவர் கதையைச் சொன்னீர்கள். அதையும் முழுதாகச் சொல்ல வேண்டும். ஜான் நியூட்டன் கடற்புயலில் மனம் மாறியது 1748இல். மறுநாளே அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டது போலத்தான் பிரசங்கங்களில் சொல்லப்படுகிறது. உண்மையில் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் தலைவரானார். 1754இல் கடலை விட்டதற்கும் உடல்நலக் குறைவே காரணம். புகழ்பெற்ற அந்தப் பாடலை ஒல்னி என்ற ஊரில் குருவானவராக இருந்தபோது 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக எழுதினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788இல்தான், புயலுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து. இன்று உலகமே பாடும் மெட்டு அவர் அறியாதது. அமெரிக்காவில் வில்லியம் வாக்கர் 1835இல் அந்த வரிகளை அந்த மெட்டோடு சேர்த்து அச்சிட்டபோது நியூட்டன் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு நொடியில் வெளுத்துவிட்ட மனிதரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது. தொழுதுகொண்டே மனிதர்களை விற்றவர், தான் செய்தது என்னவென்று உணர ஆயுளில் பாதியைச் செலவிட்டார் என்பதைச் சொல்வது கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தப் பாடலில் வரும் கிருபைக்கு எவ்வளவு வேலை இருந்தது என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கு விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரைப் பற்றியாவது உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். யோகான் பிலிப் பெப்ரிசியுஸ் 1711இல் ஜெர்மனியில் பிறந்து 1740இல் இங்கே வந்து, 1791இல் இறக்கும்வரை திரும்பிப் போகவில்லை. சென்னையில் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். வேதாகமத்தைத் தமிழில் தந்தார், அகராதி ஒன்றைத் தொகுத்தார், ஜெர்மன் ஞானப்பாட்டுகளை நிறையவே தமிழாக்கினார். லுத்தரன் சபைகளின் பாட்டுப் புத்தகங்களில் அவர் கை பட்ட வரிகள் இன்னும் இருக்கின்றன.

அந்த வேலையின் கஷ்டம் பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஜெர்மன் மெட்டில் எந்த அசை அழுத்தம் பெற வேண்டும், எது நீள வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. தமிழில் குறில் நீண்டால் சொல்லே மாறிவிடும். அந்தக் கட்டுக்குள் நின்று பொருள் பிசகாமல், எதுகையும் விடாமல் எழுத வேண்டும். நீங்கள் பாடும்போது சில வரிகள் மெட்டோடு முட்டுவதை உணர்ந்திருப்பீர்கள். எங்கே முட்டவில்லை என்பதையும் கவனித்துப் பாருங்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் உழைத்திருக்கிறார்.

பெப்ரிசியுஸின் முதுமை துயரமானது. தம் பொறுப்பில் இருந்த பிறர் பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பவில்லை. தமிழ்ச் சபைக்குப் பாடக் கொடுத்தவர், எழுபது வயதை ஒட்டிய நாட்களில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அவர் நேர்மையற்றவர் அல்லர், பணக் காரியத்தில் விவேகம் இல்லாதவர் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அதனால் நஷ்டப்பட்டவர்கள் இருந்தார்கள். அதையும் அவருடைய கணக்கில்தான் எழுத வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. சாஸ்திரியாரைப் பாடலாம் என்பதே என் எண்ணம். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் முதல் உரிமை, தனியே உட்காரவைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கே உண்டு. அவர்கள் சொன்ன பதிலும் நம்மிடம் இருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணிசெய்த தியாபிலஸ் அப்பாவு, ‘பறட்டை அண்ணன்’ என்று அழைக்கப்பட்டவர், 2005இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனை மேல்சாதிக் கிறிஸ்தவத்தின் குரல் என்று அவர் விமர்சித்தார். அதோடு நிற்காமல், நாட்டுப்புற மெட்டில், பறை முழக்கத்தோடு, கிராமத்து உழைப்பாளிகள் பேசும் தமிழில் வழிபாட்டையே புதிதாக ஆக்கினார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் அவர் இறையியலின் நடுப்பொருள். கலந்து உட்காரக்கூடாது என்ற அந்தப் பழைய முறையீட்டுக்கு, பாட்டாகவே வந்த பதிலாக இதைப் பார்க்கிறேன்.

உங்கள் பாடகர் குழுவில் இருவரையும் பாடுங்கள், ஒரே ஆராதனையில் பாடினால் இன்னும் நல்லது. பாடுமுன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, யார் எழுதியது, எப்போது, எந்தப் பக்கம் நின்று எழுதினார் என்று சபைக்குச் சொல்லுங்கள். சாஸ்திரியாரைப் பற்றிச் சொல்லும்போது அரண்மனைப் புலவர் என்பதோடு நிறுத்தாமல், 1829இல் அவர் வேலையை இழந்த அந்தச் சண்டையையும் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிக்கலாம். போதகரிடம் முன்பே பேசிவிடுங்கள். பாட்டுத்தாள் அச்சிடும்போது எழுதியவர், மொழிபெயர்த்தவர், மெட்டு தந்தவர் மூவரில் பெயர் தெரிந்தவர்களை ஆண்டோடு கீழே போடுங்கள். உங்கள் சபையிலேயே பாட்டு எழுதிய முதியவர்கள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களிடமும் கேட்டு எழுதிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்