சத்தியம் வாங்கிய பின்னும்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார்; மாதம் ஒரு சனிக்கிழமை இரவு வருவார். வீட்டில் நானும் மாமியாரும் மகளும்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த மகள் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாததால், ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தானே ஏற்படுத்திக்கொண்ட காயங்கள். இனிமேல் செய்வதில்லை என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன், செய்தாள். இரண்டே வாரத்தில் புதுக் காயம். காற்று கருப்பு என்று கயிறு கட்டச் சொல்கிறார் மாமியார். எல்லாம் நாடகம் என்கிறார் கணவர். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இவள் சாகப் பார்க்கிறாளா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை நீக்கியே கடிதத்தை வெளியிடுகிறேன்.

நீங்கள் கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் அந்த நேரத்தில் சாவை நினைப்பதில்லை. சொல்லத் தெரியாத, தாங்கவும் முடியாத ஒரு நெருக்குதலைச் சற்று நேரம் தணித்துக்கொள்ளவே அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடும் இதைத் தற்கொலை நோக்கமற்ற காயப்படுத்தல் என்று தனியே குறிப்பிடுகிறது. அதனால் ஆபத்தில்லை என்று எண்ணிவிட வேண்டாம். இப்பழக்கம் உள்ளவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே உங்கள் மகள் எதை நினைக்கிறாள் என்பதை அவளிடமே, தனிமையில், குரலை உயர்த்தாமல் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா, கண்ணு?" கேட்பதாலேயே இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி அந்தச் சத்தியம். சத்தியத்தை மீறினால் அம்மாவின் தலைக்கே ஆகாது என்று நம்பி வளரும் பிள்ளை, நெருக்குதல் மீண்டும் வந்த இரவில் அதை மீறிவிட்டாள் என்றால், இப்போது அவளிடம் பழைய வேதனையோடு அம்மாவுக்கே கேடு செய்துவிட்டோம் என்ற குற்ற உணர்வும் சேர்ந்திருக்கிறது. காயத்தால் கிடைக்கும் தணிவு சிறிது நேரமே நிற்கும். அதன் பின்னால் வரும் வெட்கமும் குற்ற உணர்வும் அடுத்த காயத்துக்கு வழி செய்கின்றன. திட்டும்போதும் சத்தியம் வாங்கும்போதும் நாம் வளர்ப்பது அந்த வெட்கத்தைத்தான். எனவே, "உன் சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகாது, மறுபடி தோணினா என்னை எழுப்பு" என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவற்றினால் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாணவனின் சட்டைக் கையை வகுப்பு முழுவதும் பார்க்க மடக்கிவிட்டுக் கேள்வி கேட்டேன். மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை.

நாடகம் என்று சொல்லும் உங்கள் கணவரிடம், பிறர் பார்ப்பதற்காகச் செய்பவள் சித்திரை மாதத்தில் முழுக்கைச் சட்டைக்குள் ஏன் ஒளிய வேண்டும் என்று கேளுங்கள். கவனிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே ஒரு பிள்ளை இந்த அளவுக்குப் போகிறது என்றால், அதற்குக் கவனிப்புதான் தேவைப்படுகிறது. அதில் இழிவாக எதுவும் இல்லை.

இது மாறக்கூடியது. இத்தகையவர்களுக்கான உளவியல் சிகிச்சை முறை ஒன்றை உருவாக்கிய மார்ஷா லினெஹன், தானும் இளம்வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு 17 வயதில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் என்பதை 2011இல், 68ஆம் வயதில், வெளிப்படையாகச் சொன்னார். அம்முறையில் கற்றுத்தரப்படுபவற்றுள் ஒன்று, எழுகின்ற உந்துதல் அலைபோல ஏறிப் பின் தானாகவே இறங்கும் என்பதும், அது இறங்கும்வரை குளிர்ந்த நீரில் முகம் கழுவியோ, நடந்தோ, ஒருவருடன் பேசியோ கடத்திவிடலாம் என்பதும் ஆகும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. அத்தையாகவோ ஆசிரியையாகவோ இருக்கலாம். அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

போலீஸ் பயம் உங்களைத் தடுக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. தண்டனைக்குப் பதிலாக அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டிய கடமையை அரசுக்கு விதிக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பேருந்து ஏறுவதற்கு முன்பே பேச வேண்டுமென்றால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவச சேவையில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், உங்கள் மகளும் பேசலாம். தேர்வு முடிவு வரவிருக்கும் நாட்கள் இவை என்பதால், தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டு மாத்திரைகளையும் ஆர்ப்பாட்டமில்லாமல் பூட்டிவையுங்கள். அவளுடைய பையையும் அலமாரியையும் கிளறிச் சோதனை போட வேண்டாம்.

மாமியார் கயிறு கட்ட விரும்பினால், மகளும் சம்மதித்தால், கட்டட்டும். அதற்காக மருத்துவமனைக்குப் போவது மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

உங்கள் கணவர் அடுத்த சனிக்கிழமை வருவதற்கு முன்பே தொலைபேசியில் பேசிவிடுங்கள். வந்ததும் கையைக் காட்டு என்று கேட்க வேண்டாம், காரணம் கேட்டு நெருக்க வேண்டாம், அவளுக்குப் பிடித்ததை வாங்கிவந்து அன்றிரவு அவளுடன் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்று சொல்லுங்கள்.