கேமராவுக்காகத் தைத்த உடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

1978-இல் வந்த சூப்பர்மேன் படத்தையும் 2025-இல் வந்ததையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் அந்தச் சிவப்பு ஜட்டி இருக்கிறது. நடுவில் வந்த 2013 படத்தில் இல்லை. நிறமும் துணியும்கூடப் படத்துக்குப் படம் மாறுகின்றன. இதெல்லாம் வெறும் ஃபேஷன்தானா? கல்லூரியில் நாங்கள் எடுக்கும் குறும்படத்துக்கு இப்படி ஓர் உடை தைக்க வேண்டும், பறக்கும் காட்சியும் உண்டு. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

ஃபேஷனுக்கு இதில் பங்கு குறைவு. அந்தந்தக் காலத்துக் கேமராவும் தந்திரக் காட்சி முறையும்தான் பெரும்பாலும் உடையைத் தீர்மானித்திருக்கின்றன.

1948-இல் கொலம்பியா நிறுவனம் எடுத்த 15 பாகத் திரைத் தொடரில் சூப்பர்மேனாக நடித்த கிர்க் ஆலின் அணிந்த உடை நீலமும் சிவப்பும் அல்ல, சாம்பலும் பழுப்பும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அடர் நீலமும் அடர் சிவப்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாக விழுந்துவிடும். கேப், அதாவது முதுகில் தொங்கும் சிவப்பு மேலாடை, எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதனால் நிறத்தை விட்டுவிட்டு வெளிச்ச வித்தியாசத்தை மட்டும் பார்த்துத் துணி எடுத்தார்கள். 1952-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் ஜார்ஜ் ரீவ்ஸுக்கும் முதல் இரண்டு பருவங்களில் இதே ஏற்பாடுதான். மூன்றாம் பருவத்திலிருந்து வண்ணத்தில் படம்பிடித்தார்கள். அப்போதுதான் அவருக்கு உண்மையான நீலமும் சிவப்பும் வந்தன. தோளை அகட்டிக் காட்ட உள்ளே ரப்பர் ஃபோம் வைத்திருந்தார்கள்.

1978 படத்தின் உடை வடிவமைப்பாளர் இவோன் பிளேக். அதில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ், உடைக்குள் பஞ்சு வைத்த தசை வேண்டாம் என்று சொல்லி, பளு தூக்கும் வீரர் டேவிட் ப்ரவுஸிடம் உடற்பயிற்சி எடுத்துத் தன் உடம்பையே வளர்த்தார். அதனால்தான் அந்த மெல்லிய துணி அவர் கையைத் தூக்கும்போது உடம்போடு சேர்ந்தே அசைகிறது. எல்லாச் சூப்பர்மேன் உடைகளிலும் என் மனத்துக்கு நெருக்கமானது இதுதான்.

சிக்கல் பறக்கும் காட்சியில் வந்தது. நீலத்திரைக்கு முன் எடுத்தால் நீலமாக இருப்பதெல்லாம் மறைந்து, அங்கே வானம் தெரியும். சூப்பர்மேனின் மார்பும் காலும் நீலம். ஆகவே அந்தக் காட்சிகளுக்கென்று பச்சை கலந்த நீலத்தில் தனி உடை தைத்து, பிறகு லேபில் நிறத்தைத் திருத்தினார்கள். சில ஷாட்டுகளில் உடை லேசாகப் பச்சையடிப்பதற்கு அதுதான் காரணம். மீதிப் பல ஷாட்டுகளை ஸோரன் பெரிசிக் உருவாக்கிய முன்திரை வீச்சு முறையில் எடுத்தார்கள்; நடிகருக்குப் பின்னால் உள்ள திரையில் பின்னணிப் படத்தை முன்பக்கமிருந்தே புரொஜக்டரால் வீசும் முறை அது. புரொஜக்டரிலும் கேமராவிலும் ஸூம் லென்ஸ்கள் ஒன்றாக இயங்கும். பின்னணி அதே அளவில் நிற்க, நடிகர் மட்டும் பெரிதாகி நம்மை நோக்கி வருவதுபோல் இருக்கும். கேப் அழகாக அலையடிக்க மின்விசிறிக் காற்று மட்டும் போதவில்லை. அதற்கு அடியில் மெல்லிய கம்பிகளை வைத்து மோட்டாரால் அசைத்தார்கள்.

2006 படத்துக்கு லூயிஸ் மிங்கன்பாக் கருஞ்சிவப்பை எடுத்தார். மார்புச் சின்னம் சிறியதாகி, மேடாக எழும்பியது; கிட்டே போய்ப் பார்த்தால் அதன் பரப்பில் பொடிப்பொடியாக அதே சின்னம். ஜெனிசிஸ் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம் அது. 2013-இல் ஜேம்ஸ் ஆச்சிசனும் மைக்கேல் வில்கின்சனும் ஜட்டியை எடுத்துவிட்டு, உடம்பு முழுக்கச் சங்கிலிக் கவசம் போன்ற நுண்ணிய தோற்றம் கொடுத்தார்கள். பல காட்சிகளில் கேப் கணினியில் வரைந்தது.

ஜட்டி ஆதியில் சர்க்கஸ் பலசாலிகளிடமிருந்தும் மல்யுத்தக்காரர்களிடமிருந்தும் வந்தது. தையல்காரர் கண்ணால் பார்த்தால் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே நீலமாக ஓடும் உடம்பை அது இரண்டாக வெட்டுகிறது. மேல் சட்டையும் கால்சட்டையும் சேரும் இடத்தையும், பறக்கும் காட்சிக்காக இடுப்பில் கம்பி மாட்டும் துளைகளையும் அது மறைத்துவிடும். அதை எடுத்தவுடன் 2013 உடையில் இடுப்பிலும் விலாவிலும் உலோகக் கோடுகள் வரைந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 2025 படத்தில் ஜட்டி திரும்பி வந்ததற்கு இயக்குநர் ஜேம்ஸ் கன் சொன்ன காரணம் வேறு. இவ்வளவு சக்தி உள்ள வேற்றுக்கிரகவாசி, குழந்தைகள் தன்னைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று நினைப்பான் அல்லவா என்று நடிகர் டேவிட் கோரன்ஸ்வெட் கேட்டாராம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இனி உங்கள் உடை. நான்கு பக்கமும் இழுபடும் லைக்ரா வாங்குங்கள், பளபளப்பு இல்லாததாக. உடம்பு அளவிலிருந்து 10 சதவீதம் வரை குறைத்து வெட்ட வேண்டும். 90 செ.மீ. மார்புக்கு 81 வரை போகலாம். எவ்வளவு குறைப்பது என்பது துணியின் இழுவையைப் பொறுத்தது, எனவே ஒரு துண்டை முதலில் தைத்துப் பாருங்கள். நேர்த்தையல் போட்டால் முதல் தடவை குனியும்போதே நூல் அறுந்துவிடும். முனை உருண்ட ஊசியும் ஜிக்ஜாக் தையலும் வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கெடுப்பது மார்புச் சின்னத்தைத்தான். துணியை மேசையில் விரித்து, இழுபடாத சின்னத்தை அதன் மேல் தைத்துவிடுவார்கள். போட்டுக்கொண்டதும் சுற்றியுள்ள லைக்ரா விரியும், சின்னம் விரியாது, ஓரமெல்லாம் சுருங்கி நிற்கும். நடிகருக்கு உடையை மாட்டிவிட்டு, மார்பு விரிந்த நிலையில் சாக்பீஸால் ஓரம் வரைந்துகொள்ளுங்கள். சின்னத்தையும் இழுபடும் துணியிலேயே வெட்டி, உடையை அதே அளவு விரிந்திருக்கும்படி ஒரு டம்மிக்கு மாட்டி, கையால் ஓட்டுத்தையல் போட்ட பிறகு மெஷினுக்குக் கொண்டுபோங்கள்.

கேப்புக்கு அரைவட்டம் போதும். கழுத்துச் சுற்று 40 செ.மீ., கேப் நீளம் 120 செ.மீ. என்றால் உள்வட்ட ஆரம் 13, வெளிவட்ட ஆரம் 133. 58 அங்குல அகலத் துணியில் இரண்டே முக்கால் மீட்டர் எடுத்தால் ஒட்டுப் போடாமல் வெட்டலாம். முழுப் பாரமும் தொண்டையில் விழாதபடி, தோள் தையலில் அழுத்து பட்டன் வைத்து மாட்டி, மேல் ஓரத்தை நெக்குக்குள் செருகிவிடுங்கள். சாட்டின் வேண்டாம்; பின்னணித் திரையின் நிறம் அதன் மடிப்புகளில் பிரதிபலித்து, எடிட்டிங்கில் ஓரங்கள் ஓட்டையாகும்.

உடை நீலம் என்பதால் திரை பச்சையாக இருக்கட்டும். நடிகரைத் திரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சின்னத்தின் மஞ்சளில் பச்சை ஏறிவிடும். துணி மொத்தமாக வாங்குவதற்கு முன் மூன்று நிறத்திலும் கால் மீட்டர் மட்டும் வாங்கி, உங்கள் கேமராவில், உங்கள் விளக்கில், அந்தத் திரைக்கு முன்னாலேயே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.